தோற்றவர் பேச்சு

சென்ற ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, ஆராய்ச்சி மாணவி ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பத்திரிகைத் தொடர்கதைகளைப் பற்றி ஆராய்ந்து வருவதாகச் சொன்னார். கையில் என் பழைய கட்டுரைத் தொகுதி ஒன்று இருந்தது. நடுவில் நாலைந்து இடங்களில் காகிதத் துண்டு வைத்து அடையாளம் செய்திருந்தார். எழுத்தாளனுக்கு இதைவிட இன்பமான காட்சி உண்டா? என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். என் பெருமைகளை நானே அடக்கமாக எடுத்துச் சொல்வதற்கு ஆயத்தமாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆனால் அவர் கேட்டது என்னைப் பற்றியே அல்ல.

"சார், இந்தப் புத்தகத்தில் ஒரு தமிழாசிரியருக்கு நீங்கள் எழுதிய பதில் இருக்கிறது. அந்த ஆசிரியர் எழுதிய கட்டுரையை எங்கே பார்க்கலாம்?"

"அதுவா? அது வந்த பத்திரிகை நின்றுபோய்ப் பல வருஷங்கள் ஆகின்றனவே!"

"அலுவலகத்தில் பழைய இதழ்கள் இருக்குமா, சார்?"

பைண்டு செய்து அடுக்கியிருந்த இதழ்களெல்லாம் ஒரு மழைக்காலத்தில் கரையானுக்கு இரையாகிவிட்டன என்று, அங்கே வேலை பார்த்த நண்பர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. தமிழாசிரியரும் காலமாகிவிட்டார். அவருடைய மகன் வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போனபோது, காகிதங்களையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. இதையெல்லாம் சொன்னேன்.

மாணவி புத்தகத்தைப் பிரித்து, நான் எழுதியிருந்த பக்கத்தை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்.

"அப்படியானால், அவர் சொன்னதில் மிஞ்சியிருப்பது நீங்கள் எழுதிய இந்த இரண்டு வரிதானா, சார்?"

குற்றம் சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். அவ்வளவுதான். ஆனால் காபி எனக்குக் கசந்துவிட்டது. ஏனென்றால் அந்த இரண்டு வரிகளை எப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு, இரவு வெகு நேரம் வரை தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, அலமாரியிலிருந்து 'நீலகேசி'யை எடுத்தேன். தூக்கம் வராத நேரத்தில் துப்பறியும் கதை படிப்பவர்கள் உண்டு. வாதப் பிரதிவாத காவியம் படிப்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு நின்றவன். தத்துவ சாஸ்திரத்தை முறையாகப் பயின்றவன் அல்ல. என்றாலும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த நூலில் எனக்கு ஓர் அக்கறை உண்டு. அதில் ஒரு பெண் தோற்கிறாள். அவள் பெயரில் ஒரு முழுக் காவியம் இருந்தது. அது தொலைந்துபோய்விட்டது. அவளைத் தோற்கடித்த நூல் மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது.

அந்தப் பெண் குண்டலகேசி.

ஐம்பெருங் காப்பியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த ஐந்தில் ஒன்று அது. பௌத்த நூல். நாதகுத்தனார் இயற்றியது. இன்று அதில் முழுப் பாட்டாகக் கிடைப்பவை 19 மட்டுமே. அவையும் 'புறத்திரட்டு' என்னும் பழைய தொகைநூலின் புண்ணியத்தால் பிழைத்தவை. அந்தப் பத்தொன்பதில் ஒரு பாட்டு, மனிதன் ஒரே ஆயுளில் பலமுறை செத்துக்கொண்டிருக்கிறான் என்கிறது. குழந்தை செத்து இளைஞனாகிறான். இளைஞன் செத்துக் கிழவனாகிறான். அப்போதெல்லாம் நாம் அழவில்லையே என்று கேட்கிறது. இப்படிக் கேட்கத் தெரிந்த ஒரு கவிஞருடைய நூல் போய்விட்டது.

கதை மட்டும் எப்படித் தெரிந்தது? நீலகேசிக்கு வாமன முனிவர் எழுதிய 'சமய திவாகரம்' என்னும் உரையில் அது சொல்லப்பட்டிருக்கிறது. பாலி மொழியில் தேரீகாதையின் உரையும் சொல்கிறது. செல்வ வணிகன் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் ஒரு திருடனை மாடத்திலிருந்து பார்த்து மனத்தைப் பறிகொடுக்கிறாள். தந்தை பாடுபட்டு அவனை மீட்டு மணம் செய்து வைக்கிறார். ஒரு நாள் அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போய்க் கொல்லப் பார்க்கிறான் கணவன். சாவதற்கு முன் உம்மை வலம்வந்து வணங்க வேண்டும் என்கிறாள் அவள். வலம் வருகிறாள். பின்பக்கம் வந்ததும் பிடித்துத் தள்ளுகிறாள். இன்றைக்கும் எந்தப் பத்திரிகாசிரியரும் 'தொடரும்' போடாமல் விடமாட்டார்.

கதையின் பிற்பகுதிதான் நமக்கு வேண்டியது. பாலிக் கதையில், பத்திரை முதலில் சமணத் துறவியரிடம் சேர்கிறாள். பறித்த தலைமயிர் சுருள் சுருளாக மறுபடி முளைத்ததால் குண்டலகேசி ஆகிறாள். வாதக்கலையைக் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். ஊர் வாசலில் மணலைக் குவித்து, அதில் ஒரு நாவல் கிளையை நட்டு வைப்பாள். 'என்னோடு வாதிட முடிந்தவர் இதை மிதிக்கலாம்' என்று அர்த்தம். பல ஊர்களில் கிளை வாடிப்போயிற்றே தவிர, மிதிக்க ஒருவரும் வரவில்லை. சிராவஸ்தி நகரில், சாரிபுத்திரர் சொல்லி ஊர்ப் பிள்ளைகள் அதை மிதித்துப் போட்டார்கள். குண்டலகேசி கேட்டதற்கெல்லாம் சாரிபுத்திரர் விடை சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவளுக்கு விடை தெரியவில்லை. பௌத்தத் துறவியானாள்.

தமிழ்க் காவியத்தில் இந்தப் பௌத்தக் குண்டலகேசி பிற சமயத்தாரை, முக்கியமாகச் சமணரை, வென்றுகொண்டு போனாள். சமணர்கள் சும்மா இருப்பார்களா? பெயர் தெரியாத ஒரு சமணக் கவிஞர் நீலகேசியைப் படைத்தார். நீலகேசி யார் தெரியுமா? பழையனூர் நீலி! கிராமத்துப் பாட்டிகள் பேர் சொன்னாலே பிள்ளைகள் நடுங்கும் அதே நீலி. காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்தி விரட்ட வந்தவள், அவருடைய உறுதியைக் கண்டு மனம் மாறி, அவரிடமே அறங்கேட்டு, கொல்லாமையைப் பரப்பப் புறப்படுகிறாள். பேயை வாதியாக்கியவர் சாமான்யக் கவிஞர் அல்லர்.

முதலில் காம்பிலி நகரத்து அரசவையில் குண்டலகேசியை வெல்கிறாள். பிறகு அருக்கசந்திரன், மொக்கலன் என்று ஒருவர் பின் ஒருவராக வென்று, கடைசியில் கபிலபுரத்துக்குப் போய்ப் புத்தரையே வாதுக்கு அழைத்து வென்றுவிடுகிறாள்! அதற்கு மேல் ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசையாக எல்லோரும் தோற்கிறார்கள். பத்துச் சருக்கம், ஏறத்தாழ 900 பாட்டு.

இங்கேதான் கதாசிரியன் தலையிட்டு ஒரு சிறு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பாத்திரங்களும் ஒரே பேனாவிலிருந்து வருகிறார்கள். யார் வாயில் நல்ல வசனத்தைப் போடுவது, யாரைத் திக்குமுக்காட வைப்பது என்பதெல்லாம் எழுதுகிறவன் இஷ்டம். அவனுடைய புத்தகத்தில் அவன் வெல்லுவதற்கு யாருடைய தயவும் வேண்டாம். குண்டலகேசி காவியத்தில் பௌத்தம் வென்றது. நீலகேசியில் சமணம் வென்றது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் 'சிவஞான சித்தியார்' எழுதினார். அதன் பரபக்கத்தில் பௌத்தமும் தோற்றது, சமணமும் தோற்றது. சைவம் வென்றது. அவரவர் ஏட்டில் அவரவர் வெற்றி. ஆயிரம் வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கு இந்த வெற்றிகளால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்படியானால் அந்த நூல்களில் அவனுக்கு என்ன கிடைக்கிறது? தோற்றவர் பேச்சு கிடைக்கிறது.

நீலகேசியில் புலால் உண்பதைப் பற்றி ஒரு வாதம் வருகிறது. கொன்றவனுக்குத்தான் பாவம், தனக்கென்று கொல்லப்படாத ஊனை ஏற்று உண்பவனுக்கு அதில் பங்கில்லை என்பது பௌத்தர் கட்சி. வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் கொல்கிறான் என்பது நீலகேசியின் பதில். பதில் பலமானதுதான். ஆனால் பௌத்தர் சொல்வதை அந்தச் சமணக் கவிஞர் அசட்டுப் பேச்சாக ஆக்கிவிடவில்லை. அதுவும் சொந்தக் காலில் நிற்கிறது. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு வேளையில் அந்த இரண்டு கட்சியும் பேசப்படுவதைக் கேட்கலாம். உரையாசிரியர் இன்னொரு உபகாரமும் செய்தார். மறுக்கப்படும் குண்டலகேசிப் பாட்டுக்களின் தொடக்கச் சொற்களை அங்கங்கே குறித்துக்கொண்டே போகிறார். முழுப் பாட்டையும் ஏன் எழுதவில்லை? படிக்கிறவர்களுக்கு அந்தப் பாட்டுக்கள் தெரிந்திருந்தன. முதற்சொல்லே போதும் என்று நினைத்திருக்க வேண்டும். எதிரியின் புத்தகம் என்றைக்கும் இருக்கும் என்று அவர் நம்பினார். பத்திரிகை அலுவலகத்தில் இதழ்கள் இருக்கும் என்று நானும்தான் நம்பினேன்.

1936-ஆம் வருஷம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு பதிப்பித்தார். குண்டலகேசியைத் தேடுகிறவர்கள் அவளுடைய எதிரியின் வீட்டுக் கதவைத்தான் இன்றும் தட்ட வேண்டியிருக்கிறது.

குண்டலகேசியாவது பரவாயில்லை, பத்தொன்பது பாட்டு சொந்தமாக இருக்கிறது. ஆசீவகர்களை நினைத்துப் பாருங்கள். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்திலேயே எழுந்த சமயம் அது. எல்லாம் ஊழின்படி நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றவர்கள். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்களைச் சொன்னவர்கள். அவர்களுடைய நூல் 'நவகதிர்' என்று ஒரு பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, நூல் இல்லை. 1951-இல் ஏ. எல். பாஷம் என்ற ஆங்கில அறிஞர் ஆசீவகர்களின் வரலாற்றை ஆராய்ந்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். தென்னாட்டு ஆசீவகத்துக்கு அவர் சாட்சியாகக் கொண்டவை முக்கியமாக மூன்று தமிழ் நூல்கள். பௌத்த நூலாகிய மணிமேகலை. சமண நூலாகிய நீலகேசி. சைவ நூலாகிய சிவஞான சித்தியார்.

மூன்றும் ஆசீவகருக்கு எதிரிகளின் நூல்கள். அந்த மூவரும் தங்களுக்குள்ளும் எதிரிகள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட மூன்று பேர், வெவ்வேறு காலத்தில், ஆசீவகன் சொல்வது இன்னது என்று கூறும்போது, பல இடங்களில் அது ஒத்துப்போகிறது. நீதிமன்றத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? அவர்களில் யாராவது ஒருவர், கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, "ஆசீவகன் சோம்பேறி, சும்மா இருந்தால் சோறு வரும் என்கிறான்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்குச் சபை சிரித்திருக்கும். இன்றைக்கு நமக்கு ஒரு சமயமே தெரியாமல் போயிருக்கும்.

இதற்கு நம் முன்னோர்களிடம் ஒரு முறை இருந்தது. வடமொழியில் பூர்வபட்சம் என்பார்கள். மறுக்கப்போகும் கொள்கையை, அதை நம்புகிறவன் சொல்வதுபோல, முதலில் நிறுத்த வேண்டும். பிறகுதான் மறுப்பு. பவணந்தி முனிவர் நன்னூலில், நூல் செய்வோருக்குரிய ஏழு வகை மதங்களைக் கூறும்போது இதையும் ஒன்றாக வைத்திருக்கிறார். பிறருடைய கொள்கையை முதலில் தான் ஏற்றுக்கொண்டு நின்று, பிறகு களைய வேண்டும் என்பது அதன் கருத்து. 'ஏற்றுக்கொண்டு' என்பதுதான் கடினமான பகுதி. ஒரு நிமிஷமாவது எதிரியின் திண்ணையில் உட்கார்ந்து, அங்கிருந்து தெருவைப் பார்க்க வேண்டும்.

சித்தியாரின் பரபக்கம் முழுவதும் இந்தக் கட்டுக்கோப்பில்தான் இருக்கிறது. பதினான்கு கொள்கைகள். ஒவ்வொன்றிலும் முதலில் அவன் மதம். பிறகு அதன் மறுதலை. தொடக்கத்திலேயே உலகாயதன் வந்துவிடுகிறான். கண்ணால் காண்பதே பிரமாணம், மறுவுலகம் இல்லை, கிடைத்த இன்பத்தை விட்டுவிட்டு எங்கோ தேடுகிறவன் பேதை என்று அவன் சிரித்துக்கொண்டே பேசுகிறான். அருணந்தியார் கடவுளையன்றி வேறொன்றை நினையாதவர். ஆனால் உலகாயதன் பேசும்போது அந்தச் செய்யுளின் ஓசையே துள்ளுகிறது. மறுப்பதற்கு வந்தவர், எதிரிக்குக் கந்தல் துணி கட்டிச் சபையில் நிறுத்தவில்லை. உலகாயதர்களுடைய மூலநூல் முழுமையாக நம் கைக்கு வரவில்லை. அவர்களை நாம் அறிவது பெரும்பாலும் இப்படிப் பிறர் ஏடுகளில்தான்.

மணிமேகலையும் அப்படியே. வஞ்சி நகரத்தில் அவள் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். இடையில் புகுந்து அடிக்கடி வாதிடவில்லை. கேட்கிறாள். அவள் வாய்விட்டு மடக்குவது, காட்சி ஒன்றே உண்மை என்னும் பூதவாதியைத்தான். உன் தாய் தந்தையர் இவர்தாம் என்பதை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். ஒரே கேள்வி. அதுவும் அவன் பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகு.

இதெல்லாம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய அதிசயம் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். ரோம சாம்ராஜ்யத்திலும் இதே நாடகம் நடந்தது. 178-ஆம் ஆண்டளவில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவ சமயத்தைத் தாக்கி 'மெய்யுரை' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதினார். எழுபது வருஷம் கழித்து, அவர் இறந்து வெகு காலமான பிறகு, ஒரிஜன் என்ற கிறிஸ்தவ ஞானி எட்டுப் பகுதிகளில் மறுப்பு எழுதினார். முதலில் பொதுவாக மறுத்துவிட்டுப் போகத்தான் நினைத்தாராம். பிறகு மனத்தை மாற்றிக்கொண்டு, செல்சஸின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதி, அதற்குக் கீழே தம் விடையை எழுதினார். செல்சஸின் நூல் அழிந்துவிட்டது. ஆனால் ஒரிஜன் எழுதிவைத்த மேற்கோள்களைக் கொண்டு, பிற்கால அறிஞர்கள் அதன் பெரும்பகுதியைத் திரும்ப அமைத்துவிட்டார்கள்.

இதற்கு மாறாகவும் ஒன்று நடந்தது. போர்பிரி என்பவர் கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் பதினைந்து பகுதிகளில் எழுதினார். 448-இல் பேரரசர்கள் அதைத் தீயிலிடும்படி ஆணை பிறப்பித்தார்கள். நூல் போயிற்று; சில துணுக்குகள்தான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், அந்த நூலுக்கு யூசிபியஸ் முதலிய பெரியவர்கள் எழுதிய மறுப்புக்களும் நமக்கு வந்து சேரவில்லை.

எதிரியை நன்றாக அறிவது அவனுக்குச் செய்யும் தயவு மட்டும் அல்ல. தனக்குச் செய்துகொள்ளும் நன்மையும்கூட. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டார். சைவத்தின் மேல் பாதிரிமார்கள் சொன்ன குற்றச்சாட்டுக்களுக்கு அதில் பதில் சொன்னார். எப்படிச் சொன்னார்? நீங்கள் எங்களிடம் குறையாகக் காண்பது உங்கள் வேதாகமத்திலும் இன்ன இன்ன இடத்தில் இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினார். அது கேள்விப்பட்டுச் சொன்னது அல்ல. இளமையில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழில் பெயர்க்க வருஷக்கணக்காக உழைத்தவர் அவர். எதிராளியின் நூலை எதிராளியைப்போலவே அறிந்தவருடைய பேனாவுக்கு எதிரில் நிற்பது சுலபமாக இருந்திராது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் கதைக்குத் திரும்பாமல் இருக்க முடியாது. அந்தத் தமிழாசிரியருக்கு நான் எழுதிய இரண்டு வரி என்ன?

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதிக் கொஞ்சம் பெயர் வாங்கியிருந்தேன். அதில் பகையரசன் ஒருவன் வருவான். கோட்டையை முற்றுகையிடுவான், ஊரைக் கொளுத்துவான், மீசையை முறுக்கிக்கொண்டு 'ஹா ஹா' என்று சிரிப்பான். கதை முடிந்ததும் தமிழாசிரியர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நான் அடுத்த இதழில் பதில் எழுதினேன். "கொடியவர்களுக்கும் நற்குணம் வேண்டும் என்கிறார் புலவர். இராவணனுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடச் சொல்லுவார் போலிருக்கிறது." இவ்வளவுதான் அவருடைய கட்சியாக நான் எடுத்துச் சொன்னது. மீதி இரண்டு பக்கமும் என் வெற்றி முழக்கம். பாராட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். கதர்ச் சட்டை, கையில் குடை. நானே போய் வணங்கினேன். வென்றவனுக்குப் பெருந்தன்மை சுலபம் அல்லவா?

"ஐயா என் பதிலைப் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"படித்தேன் தம்பி, படித்தேன். நன்றாக இருந்தது. நானே சிரித்துவிட்டேன்" என்றார். பிறகு குடையைக் கையில் மாற்றிக்கொண்டு, "நான் சொன்னதற்குத்தான் பதிலாக இல்லை" என்றார். கோபமே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் எழுதியது எனக்கு மறந்துபோயிருந்தால் ஒருவாறு தப்பித்திருப்பேன். மறக்கவில்லை. அவர் மூன்று விஷயம் சொன்னார். முதலாவது: ஆறுகளைத் தாண்டிப் படை நடத்தி வருகிற ஒருவன், தன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தனக்குத் தானே ஏதாவது சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பான். அந்த நியாயம் தவறாக இருக்கலாம். ஆனால் அது என்ன என்று கதையில் இல்லை. இரண்டாவது: பகைவனுக்குக் காரணமே இல்லாதபோது, கதாநாயகனுடைய வெற்றி தர்மத்தின் வெற்றியாகாது, கதாசிரியர் காட்டிய சலுகையாகத்தான் ஆகும். மூன்றாவது: இப்படிப்பட்ட கதைகளை வாரந்தோறும் படித்துப் பழகியவர்கள், நாளைக்குத் தெருவிலும் சபையிலும் தங்களுக்கு மாறாகப் பேசுகிறவனைப் பார்த்தால், அவனுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்க மாட்டார்கள், மீசையைத்தான் பார்ப்பார்கள்.

நற்குணம் என்ற சொல்லே அவர் கட்டுரையில் இல்லை. அதை நான்தான் போட்டேன். அவர் கேட்டது குணத்தை அல்ல, காரணத்தை. குணம் என்று மாற்றிவிட்டால் கேலி செய்வது எளிது. அந்த மாற்றத்தை நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் தெரிந்துதான் செய்தேன். மூன்றாவது விஷயத்தை ஏன் அடியோடு விட்டுவிட்டேன் என்பதும் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உயிரோடு இருக்கும் எதிராளிக்கு நாம் அநியாயம் செய்தால், அவர் மறுநாளே ஒரு கடிதம் எழுதி நம்மைத் திருத்தலாம். தமிழாசிரியர் திருத்த வரமாட்டார். வாமன முனிவர் குண்டலகேசியின் பாட்டுக்குத் தொடக்கச் சொல்லையாவது உள்ளபடி எழுதிவைத்தார். நான் அதுகூடச் செய்யவில்லை. அவர் சொல்லாத ஒரு சொல்லை அவர் வாயில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். இனி அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டியாக வேண்டும்.

பழைய தொகுதி மறுபதிப்பாகப் போகிறது. பிழை திருத்தி அனுப்பும்படி பதிப்பாளர் கேட்டிருந்தார். அந்தப் பதிலை எடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். எடுத்துவிட்டால் அவருடைய பெயரும் அதோடு போய்விடும். ஆகவே எடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு பக்கம் சேர்த்து, அவர் சொன்ன மூன்றையும், ஞாபகம் இருக்கிற அளவுக்கு அவர் நடையிலேயே, கேலி கலக்காமல் எழுதிவைத்தேன். என் பதிலில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர்களுக்கு யார் யாருக்குப் பதில் சொல்லவில்லை என்பது விளங்கிவிடும்.

அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றை மாணவிக்கும் தபாலில் அனுப்பினேன். முதல் இரண்டு விஷயங்களில் எனக்கு இன்னும் அவரோடு கொஞ்சம் அபிப்பிராய பேதம் உண்டு. தொடர்கதைக்குப் பகையரசனின் 'ஹா ஹா'வும் சில சமயம் வேண்டியிருக்கிறது என்று கூடவே எழுதினேன். மூன்றாவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தமிழாசிரியர் நட்டுவைத்துப் போன கிளை இருபது வருஷமாக என் வாசலில் நிற்கிறது. நான் இதுவரை அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன், மிதிக்கவில்லை.